மீட்டரில் ஏறாத கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி

என் அருமை மகளுக்கு,

நாற்பதாயிரம் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் (கறாராக எண்ணினால் நாலாயிரம் தேறும், சுருக்கி எழுதி எனக்குப் பழக்கமில்லை), இந்த நகரத்தின் அத்தனை சிக்னல்களுக்கும் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவருமான உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். கார் நலம். உன் சித்தி நலமாக இருப்பதாகக் கேள்வி. நீயும் மாப்பிள்ளையும் நன்றாகத்தான் இருப்பீர்கள், துரோகம் செய்தவர்களுக்குத் தலைவலிகூட வருவதில்லை என்பதை இந்தப் பதினோரு நாளில் நேரிலேயே பார்த்துவிட்டேன். கேள்வி என்று எழுதக் காரணம், சித்தி வீட்டில் இல்லை. புதன்கிழமை மத்தியானம் ஒரு பையில் நாலு துணியை வைத்துக்கொண்டு பஸ் ஏறி அவள் அக்கா வீட்டுக்கு, அதாவது உன் பெரியம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. போகும்போது ஒரு நிபந்தனை வைத்தாள். உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அதில் ஒரு விஷயத்தை நடந்தது நடந்தபடி எழுத வேண்டும், எழுதினால் வருவதைப் பற்றி யோசிப்பாள். எழுதாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்னதற்கெல்லாம் நான் பயந்ததில்லை, சொல்லாமல் விட்ட இந்த ஒன்றுக்குத்தான் பயமாக இருக்கிறது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் வழக்கைக் கேள், ஏனென்றால் இதில் நீ நான்காவது குற்றவாளி.

அந்தப் புதன்கிழமை காலை ஏழரைக்கு, என் தலையில் மிச்சமிருக்கும் பதினேழு முடியையும் திருத்திக்கொள்ளலாம் என்று திடீரென்று தோன்றி, யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்தேன். ஆஸ்பத்திரி சிக்னலில் சிவப்பு, நின்றேன். பச்சை விழுந்தது, கிளட்சை விட்டேன், கார் இரண்டு முறை இருமிவிட்டு அப்படியே உயிரை விட்டது. சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றுகிறது, நன்றாகவே சுற்றுகிறது, பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது. பின்னால் உலகத்தில் இதுவரை தயாரான ஹாரன் எல்லாம் ஒன்றாகக் கூடி என்னைத் திட்டின. வண்டி நடுவழியில் நின்றால் பதறக் கூடாது, முதலில் விளக்கைப் போடு, ஓரம் கட்டு, பிறகு யோசி என்று நாலாயிரம் பேருக்குச் சொன்ன வாய், அன்று ஸ்டியரிங்கைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு தபால்காரரும் ஒரு போக்குவரத்துக் காவலரும் தள்ளிக்கொடுக்க, ஆஸ்பத்திரி மதிலோரம் கொண்டுபோய் நிறுத்தினேன். இருபத்தாறு வயசுக் கார், நிற்கத்தான் செய்யும் என்பாய். நிற்கட்டும், நான் வேண்டாமென்றா சொன்னேன். ஆனால் காரணம் சொல்லிவிட்டு நிற்க வேண்டும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பயிற்சிக் கார் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கினவள் யார் என்கிறாய், என் சிஷ்யை. என் கையால் கியர் பிடிக்கக் கற்று, என்னிடமே ஆறு வருஷம் பாடம் நடத்தி, நான் ஓய்வுபெற்றதும் அடுத்த தெருவில் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி வைத்தாளே, அவளேதான். “பெட்ரோல் இருக்கா மாஸ்டர்?” என்றாள். என்னைப் பார்த்துக் கேட்டாள் மகளே. மீனைப் பார்த்து நீச்சல் தெரியுமா என்று கேட்கிற மாதிரி. நான் கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் பலகையில் ரப்பர் பேண்டு போட்டுச் செருகியிருக்கும் சீட்டை எடுத்துக் காட்டினேன். உனக்குத் தெரியாத சீட்டா அது, இருந்தாலும் வழக்கு என்று வந்துவிட்டால் எல்லாவற்றையும் பதிவு செய்தாக வேண்டும். நம் காரில் பெட்ரோல் முள் பதினெட்டு வருஷமாகப் பாதியிலேயே நிற்கிறது, டாங்க் நிரம்பினாலும் பாதி, காய்ந்தாலும் பாதி. அதனால் டாங்கை முழுக்க நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரைச் சீட்டில் குறிப்போம், நானூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் மறுபடி நிரப்புவோம். உனக்குப் பெரிய எண்களைக் கழிக்கச் சொல்லிக்கொடுத்ததே அந்தச் சீட்டில்தான். இந்த வீட்டில் என் வார்த்தையைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு, அந்தச் சீட்டைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் கிடையாது. அன்றைக்குச் சீட்டின் கணக்குப்படி ஓடியிருப்பது வெறும் நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். கிட்டத்தட்ட முக்கால் டாங்க் பெட்ரோல் இருந்தாக வேண்டும். சிஷ்யை சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரிங்க மாஸ்டர் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவள் முகம் போன போக்கை அப்போதே படித்திருக்க வேண்டும். போக்குவரத்துப் பலகை அத்தனையும் படித்தவனுக்கு அந்த முகம் படிக்க வரவில்லை.

பிறகு நம் டாக்டரை வரவழைத்தேன். காது கேளாத எஞ்சினுக்குக்கூட வைத்தியம் பார்ப்பவர், ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சின்மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார் என்பதால்தானே நாம் அந்த மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பேர் வைத்தோம். இருபத்தாறு வருஷத்தில் நம் காருக்கு அவர் பத்து நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதில்லை. அன்று வந்தார், சீட்டைப் பார்த்தார், பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார், ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுக்கவே இல்லை. நான் ஏற்கெனவே பாட்டரி பார்த்துவிட்டேன், விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, பிளக்கில் பொறி நீலமாகத் தெறிக்கிறது என்று ஒப்பித்தேன். அவர் ஒரு பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்து, “காஞ்சு கெடக்கு மாஸ்டர், பெட்ரோல் வந்து சேரல” என்றார். சரி, வந்து சேரவில்லை என்றால் முதலில் என்ன கேட்க வேண்டும், டாங்கில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தொழிலுக்கு வந்து ஒரு வாரம் ஆனவன்கூட அதைத்தான் கேட்பான். இவர் கேட்கவில்லை. பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றினார், சுத்தமாக இருந்தது, அதையே மறுபடி சுத்தம் செய்தார். குழாயை ஊதினார். பெட்ரோல் பம்பைப் பிரித்து உள்ளேயிருக்கும் ரப்பர் தகட்டை வெயிலில் பிடித்து, ஓட்டை தேடுகிறேன் என்று, கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர் மாதிரி கால் மணி நேரம் பார்த்தார். கார்புரேட்டரைத் திறந்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் மூன்று தடவை, நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க மாஸ்டர் என்றார். மூன்றாவது தடவை போனேன். டீக்கடையில் பால் இன்னும் வரவில்லை என்றார்கள், இரண்டே நிமிஷத்தில் திரும்பினேன். திரும்பினால், டாக்டர் காரின் பின்பக்கம் குனிந்து, டாங்க் மூடியைத் திறந்து, ஒரு கேனில் இருந்து பெட்ரோலைக் கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி சத்தமில்லாமல் புகட்டிக்கொண்டிருக்கிறார்.

முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கும் காருக்கு எதற்கு அய்யா புகட்டுகிறீர்கள் என்று கேட்டேன். சும்மா ஒரு டெஸ்ட்டுக்கு மாஸ்டர் என்றார். சாவியைத் திருகினேன். ஒரே திருகில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் ஓடத் தொடங்கியது, என் குடும்பம் அந்த இடத்தில் நின்றது. வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் படுத்து டாங்கையும் குழாயையும் மோந்தேன், சொட்டு ஈரமில்லை, வாசனையில்லை. டாங்க் மூடியின் பூட்டில் கீறலில்லை, திருடனும் இல்லை. அப்புறம் எழுந்து வந்து திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷ எண்ணெயும் தூசியும் பிடித்துக் கறுத்துக் கிடக்கும் அந்த எஞ்சினில் ஒரே ஒரு இடம் மட்டும் துடைத்து வைத்த மாதிரிப் பளபளவென்று மின்னியது. கிலோமீட்டர் மீட்டருக்குப் போகும் கேபிளை நடுவில் சேர்க்கும் திருகு. தொட்டேன், ஸ்பானர் இல்லாமல் இரண்டு விரலுக்கே சுழன்றது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கார் ஓடும், மீட்டர் ஓடாது. பெட்ரோல் தீரும், சீட்டு பொய் சொல்லும். யாரோ பல தடவை, பல நாள், விரலால் கழற்றி விரலால் பூட்டியிருக்கிறார்கள், அந்த விரல் பட்டுப் பட்டுத்தான் அந்தப் பளபளப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், உன் சித்தியாக இருக்கும் என்று என் மூளையின் எந்த மூலையிலும் தோன்றவில்லை. எதிர்வீட்டுக்காரர் தோன்றினார், மாப்பிள்ளை ரகசியமாக விமானத்தில் வந்து போயிருப்பாரோ என்று தோன்றியது, மதில்மேல் படுத்திருக்கும் சாம்பல் பூனைகூட ஒரு கணம் தோன்றியது. சித்தி தோன்றவில்லை. டாக்டர் தன் கையைவிட அழுக்கான ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்தத் திருகை இப்படி லேசாக்கிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். “அக்காகிட்ட கேளுங்க மாஸ்டர்” என்றார், உன் சித்தியைத்தான் அவர் அக்கா என்பார். இவர் இரண்டாவது குற்றவாளி.

வீட்டுக்கு வந்தேன். சித்தி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கேபிளைப் பற்றிக் கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை அணைத்து, நிமிர்த்தி வைத்துவிட்டு, அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். பதினாலு மாதம் பழசு. அதில் இருக்கும் போட்டோவில் அவள் சிரிக்கிற சிரிப்பை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. அப்புறம் நிதானமாகச் சொன்னாள். பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை போனதிலிருந்து, செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, அதாவது பூகம்பம் வந்தாலும் கலையாத என் புகழ்பெற்ற தூக்கத்தின்போது, காரை எடுத்துக்கொண்டு போய் அக்காவைக் குளிப்பாட்டித் தலைவாரிச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறாளாம். போக வர முப்பத்தாறு கிலோமீட்டர். திரும்பும்போது தான் ஓடின அளவுக்குப் பெட்ரோல் போட்டுவிடுவாளாம், இந்த மாதம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு பிசகி, ஒவ்வொரு தடவையும் நேரமாகி, நான் எழுவதற்குள் வந்து சேர வேண்டிய அவசரத்தில் போட முடியவில்லையாம், அன்று மத்தியானம் போடுவதாக இருந்தாளாம். இந்த மாதம் எட்டுத் தடவை போனதை மனதுக்குள் பெருக்கினேன், இருநூற்று எண்பத்தெட்டு. சீட்டில் இருக்கும் நூற்றுப் பன்னிரண்டையும் சேர்த்தால் நானூறு, சிக்னலில் இருமினது சரியாக நானூறில். இவ்வளவு துல்லியமாக என்னை ஏமாற்றியிருக்கிறாள்.

நான் கத்தினேன், மறைக்கவில்லை. எனக்கு வலித்தது பெட்ரோல் இல்லை, மீட்டர் இல்லை. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவன் ஒரே கூரைக்குக் கீழே தூங்கிக்கொண்டிருக்கும்போது, கட்டினவள் வேறொருவரிடம் போய்க் கற்றிருக்கிறாள். பதினாலு மாதமாகத் தெருவே பார்த்திருக்கிறது. மருந்துக்கடைக்காரர் பார்த்திருக்கிறார், பெட்ரோல் போடுகிறவர் பார்த்திருக்கிறார், எதிர்வீட்டம்மா கையாட்டி வழியனுப்பியிருக்கிறார், எனக்கு மட்டும் தெரியாது. நான் காலையில் தெருவில் நடந்தபோதெல்லாம் இவர்கள் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணும்போது இப்போதும் காது சுடுகிறது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். “கேட்டேனே. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி” என்றாள். அந்த நேரம் பார்த்து, மறந்துவிட்டுப்போன ஸ்பானரை எடுக்க டாக்டர் வாசலில் வந்து நின்றார். ஆள் ஒருவர் கேட்க நின்றால் எனக்கு நாக்கு நிற்காது, உனக்குத் தெரியும். “சரி, இந்தப் பதினாலு மாசத்துல எத்தனை பூந்தொட்டிம்மா உடைச்சே?” என்று கேட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் தொட்டிக் கதைக்கு ஒருவர் சிரிக்காமல் நின்றது அதுதான் முதல் தடவை. ஸ்பானரைக்கூட எடுக்காமல் போய்விட்டார். சித்தி கார்ச் சாவியை மேசைமேல் வைத்தாள், உள்ளே போய்ப் பையோடு வந்தாள். “என் பொண்ணு கல்யாணத்துல முந்நூறு பேர் முன்னாடி மைக்ல இதையேதான் சொன்னீங்க. நானும் கையில தட்டோட நின்னு சிரிச்சேன். அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்க, தொட்டி உடைஞ்ச அன்னிக்கு என்ன நடந்துச்சோ அப்படியே. அப்புறம் பாக்கலாம்” என்றாள். காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், அவளுக்குத்தான் உரிமம் இருக்கிறதே. எடுக்கவில்லை. பஸ்ஸில் போனாள், இரண்டு பஸ் மாற வேண்டும். அதையும் என்மேல் ஒரு குற்றமாகவே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சிஷ்யையிடம் சண்டை போடப் போனேன். அவள் பள்ளியைப் பார்த்திருக்கிறாயோ என்னவோ, ஒரே அறை, சுவரில் கரும்பலகை, அதில் நாலு சாலை சந்திக்கிற படம், மேசையில் மரத்தில் செய்த குட்டிக் கார்கள், எல்லாம் என் பள்ளியில் இருந்த ஏற்பாடு அப்படியே. என் சொத்தைக் கொள்ளையடித்தது போதாதென்று என் வீட்டுக்குள்ளேயே கன்னம் வைத்தாயா என்று ஆரம்பித்து, ஒரு பேரரசர் படையெடுத்து வந்தது போலக் கால் மணி நேரம் பேசினேன். அவள் எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே கேட்டாள். கடைசியில், “முதல் நாள் இங்க வந்து என்ன கேட்டாங்க தெரியுமா மாஸ்டர்? நான் தொட்டி உடைச்சவ, என்னைச் சேத்துக்குவீங்களான்னு கேட்டாங்க” என்றாள். மூன்று மாதம் வரை, இடது பக்கம் திருப்பச் சொன்னாலே சித்தி காரை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாளாம். கிளட்சைத் தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் விடுகிற மாதிரி விடணும் என்று நீங்கள் எனக்குச் சொன்னதைத்தான் அக்காவுக்கும் சொன்னேன் மாஸ்டர், ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள், வீட்டில் இதை ஏன் சொல்லவே இல்லை என்று என்னிடம் கேட்டார்கள் என்றாள். தேர்வில் சித்தி ஒரு தப்பும் செய்யவில்லையாம், சிஷ்யையே முதல் தடவை தோற்றவள்தான், அது எனக்குத் தெரியும். மூன்றாவது குற்றவாளியிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டுத் தோற்றுப்போய்த் திரும்பினேன்.

இப்போது உன் முறை. சிஷ்யையிடம் போனில் பேசி ஏற்பாடு செய்தது நீதான் என்று அவளே சொல்லிவிட்டாள். சித்தி தயங்கினபோது, “சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க சித்தி, பாட்டா பாடிடுவாரு” என்று சொன்னாயாமே. உன் அம்மா போன பிறகு உன் அப்பா, கப்பலில் எஞ்சின் பார்க்கிற என் அண்ணன், எட்டு வயதில் உன்னை எங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனார். அன்றிலிருந்து நானும் நீயும்தான் ஒரு கட்சி, சித்தி எதிர்க்கட்சி என்று நினைத்திருந்தேன். எத்தனை ரகசியம் அவளுக்குத் தெரியாமல் நாம் இருவரும் காத்தோம். காரின் பின்கதவில் நீ போட்ட கீறலுக்கு நான் எதிர்வீட்டுக்காரர்மேல் பழிபோட்டு அவரோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தேனே, அதற்குக்கூட நன்றி இல்லையா. அந்த ராத்திரி சாப்பிட உட்கார்ந்து உன்னைத் திட்டி ஒரு கடிதம் மனதுக்குள்ளேயே எழுதினேன், அதில் உலகத்திலுள்ள கெட்ட வார்த்தை முழுவதும் தீர்ந்துபோய்ப் புதிதாக நாலு செய்ய வேண்டியிருந்தது. ஆனால் நீ சொன்ன அந்த ஒரு வரியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், அதில் பொய் கண்டுபிடிக்க முடியவில்லை. பாடியிருப்பேன். முதல் நாள் அவள் கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை அணைத்திருப்பாள், நான் மாலைக்குள் தெருக்கோடி வரை பாடியிருப்பேன்.

பதினோரு நாளாக வீடு எப்படி இருக்கிறது என்றால், சட்டைகளுக்கு நானே இஸ்திரி போடுகிறேன், இரண்டு சட்டை சொர்க்கம் போயிற்று. சோறு ஒரு நாள் கஞ்சி, மறுநாள் கரி. சலவை மெஷின் என்னிடம் பேசுவதில்லை. மதியத் தூக்கம் போய்விட்டது, இரண்டு மணி ஆனால் விழித்துக்கொண்டு வாசலில் நிற்கும் காரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டம்மா நேற்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, அம்மா ஊரில் இல்லையா, தெருவில் சத்தமே இல்லையே என்றார். சித்தி எப்போது சத்தம் போட்டாள், போட்டதெல்லாம் நான்தானே. கேட்க அவள் இல்லாவிட்டால் எனக்குப் பேச்சே எழுவதில்லை என்று இத்தனை வயசுக்கு மேல் தெரிகிறது. இந்தக் கடிதத்தை ஏழு தடவை ஆரம்பித்தேன். ஏழு தடவையும் அந்த இடம் வரும்போது பேனா தானாகவே தொட்டியைப் பெருக்கிவிடுகிறது, முப்பது, முந்நூறு, செடிகள் சாலை முழுக்க, அந்த வட்டாரத்தில் அதற்குப் பிறகு ரோஜாவே பூக்கவில்லை என்று. கிழித்துப் போட்டேன். இது எட்டாவது. எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி. உன் சித்தி ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது இதே கார் பயிற்சிக் கார், என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வேகம் பதினைந்துக்கு மேல் இல்லை. அவள் ஒழுங்காக ஓட்டினாள், முதல் நாளில் அவ்வளவு ஒழுங்காக ஓட்டினவர்கள் என் பள்ளியில் பத்துப் பேர் இருப்பார்கள். செடிக் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர், வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பாருங்கள், வீட்டுக்காரியையே ஓட்ட வைத்துவிட்டேன் என்று அவரிடம் பெருமை பேசினேன். பேசிக்கொண்டே சாலையைப் பார்க்காமல் அவளிடம் இடது பக்கம் திருப்பு என்றேன். திரும்ப வேண்டிய தெரு இன்னும் முப்பது அடி தள்ளி இருந்தது. அவள் நான் சொன்னபடி திருப்பினாள். கடை வாசலில் வரிசையாகத் தொட்டிகள் வைத்திருந்தார்கள். பிரேக்கை மிதித்தது அவள். என் கால் என் பிரேக்கின்மேல் இல்லை. மூன்று தொட்டி உடைந்தது. யாருக்கும் அடி இல்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தார். மாஸ்டர் சொல்லித்தான் திருப்பினாள் என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சிரித்தேன். பெண்டாட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறவன் பாடு இப்படித்தான் என்றேன், அவரும் சிரித்துவிட்டார். உன் சித்தி இறங்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். கையாலேயே மண்ணை அள்ளிச் செடிகளை ஒரு சாக்கில் போட்டாள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன். அவள் வீட்டுக்கு நடந்து போனாள். அன்று சாயந்திரமே முதல் தடவையாக அந்தக் கதையைச் சொன்னேன், உட்கார்ந்து கேட்டவர்களில் நீயும் ஒருத்தி. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம், ஒரு தடவைகூட அவள் எழுந்து, நீங்கதானே திருப்பச் சொன்னீங்க என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் தொழிலே போயிருக்கும்.

அவ்வளவுதான். முதல் குற்றவாளி யார் என்று இத்தனை பக்கம் எழுதின பிறகுதான் எனக்கே குழப்பமாக இருக்கிறது. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் மட்டும் அப்படியே இருக்கட்டும், அதைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி கொடு, வயசானவனுக்குக் கையில் ஏதாவது வேண்டும். இந்த உறையை ஒட்டவில்லை. நாளைக் காலை பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சித்தி கையில் கொடுக்கப் போகிறேன். அவள் படித்து, நடந்தது இதுதான் என்று தோன்றினால் அவளே ஒட்டித் தபாலில் போடட்டும். தோன்றாவிட்டால் இந்தக் கடிதம் உனக்கு வரப்போவதில்லை, இப்படி ஒன்று எழுதப்பட்டதே உனக்குத் தெரியாமல் போகும். ஆகவே நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், மகளே, எனக்காக ஒரு பெருமூச்சு விடு.

மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, வெந்நீரையே குடிக்கச் சொல். நீ ஓட்டும் காரில் பெட்ரோல் முள் வேலை செய்தாலும் அதையே நம்பிக்கொண்டு இருக்காதே, கால் டாங்குக்குக் கீழே இறங்க விடாதே, மாதம் ஒரு தடவை ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறேன் என்று சொன்னவள் இரண்டு ஞாயிறாகச் செய்யவில்லை, இப்போது காரணம் புரிகிறது, இனிமேல் பயப்படாமல் செய். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நூறு என்பதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஆசீர்வாதங்களுடன், உண்மையை எழுதிக் கை வலிக்கும்,
உன் சித்தப்பா

கண்ணு, சித்தி எழுதுகிறேன். படித்தேன். தொட்டி நாலு. மற்றதெல்லாம் சரி. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், உன் அறையில்தான் இருக்கிறாள், இனி இங்கேதான். காரை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். உன் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க வாயே திறக்கவில்லை. அவருக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று பயந்து இரண்டு தடவை ஓரம் கட்டிப் பார்த்தேன்.